செயலியை விட்டது இருக்கட்டும், ராத்திரி மாத்திரை என்ன ஆனது?

காவிரிக் கரையோர ஊர் ஒன்றிலிருந்து 57 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அரசு உதவிபெறும் பள்ளியில் கணக்கு டீச்சர். ஒன்பது வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. காலையும் இரவும் மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரை ஒவ்வொன்று. பெயரும் ஊரும் வெளியே வர வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அவற்றை எடுத்துவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

ஜனவரியில் இவருடைய மூன்று மாத சராசரி, அதாவது ஹெச்பிஏ1சி, 8.4. பொங்கலுக்கு பெங்களூரிலிருந்து வந்த மகன் அதைப் பார்த்துப் பதறிப்போய், சர்க்கரை நோயாளிகளுக்கான செயலி ஒன்றை அம்மாவின் போனில் ஏற்றி, 6,000 ரூபாய் ஆண்டுச் சந்தாவும் கட்டிவிட்டுப் போனார். காலையில் வெறும் வயிற்று அளவு, சாப்பிட்ட இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு அளவு, மூன்று வேளை உணவு, நடந்த அடிகள், மாத்திரைக்கு ஒரு டிக் என்று தினமும் பதிய வேண்டும். பதிவதெல்லாம் மகனின் போனிலும் தெரியும். முதல் இரண்டு மாதம் ஒரு நாள்கூட விடவில்லை. இரவுச் சோற்றைப் பாதியாகக் குறைத்தார். எடையும் மூன்று கிலோ இறங்கியது.

ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு ராத்திரி, இரண்டரை மணிக்கு உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி எழுந்திருக்கிறார். மீட்டரில் 62. சர்க்கரைத் தண்ணீர் குடித்ததும் சரியாகிவிட்டது. அந்த 62-ஐ அப்படியே பதிந்தால் மகன் பயந்து லீவு போட்டு வந்துவிடுவான் என்று செயலியில் 110 என்று போட்டிருக்கிறார். 'அன்றிலிருந்து எதற்கு வம்பு என்று ராத்திரி மாத்திரையை நிறுத்திவிட்டேன்' என்று போகிற போக்கில் ஒரு வரி. மாத்திரைக்கான டிக்கை மட்டும் போட்டு வந்திருக்கிறார். ஏப்ரல் கடைசியில் எடுத்த பரிசோதனை 7.1. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஜூனில் பள்ளி திறந்ததும் செயலியைத் திறப்பதே நின்றுபோனது. ஆகஸ்டில் 8.8. போனில் மகனோடு சண்டை. அழுதுகொண்டே செயலியை அழித்துவிட்டார்.

அவருடைய கேள்விகள் இவை. எனக்கு ஒழுக்கம் இல்லையா? 'வயசானவங்களுக்கு இதெல்லாம் செட் ஆகாதும்மா' என்று மகன் சொல்வது சரியா? செயலியை விட்டதால்தான் சர்க்கரை ஏறியது என்றால் திரும்ப அதையே தொடங்குவதா, வேறு ஏதாவது நல்லது இருக்கிறதா? ஜனவரியில் மறுபடி 6,000 ரூபாய் பிடித்துவிடுவார்களா? செயலியை அழித்ததோடு என் விவரமெல்லாம் போய்விட்டதுதானே?

டீச்சர், எல்லாவற்றுக்கும் வருகிறேன். ஆனால் முதலில் நீங்கள் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. நான்கு பக்கத்தில் ஒரே ஒரு வரியாக எழுதிவிட்டுக் கடந்துபோன அந்த ராத்திரி மாத்திரை. இந்தக் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது அதுதான்.

கணக்கில் ஒரு பிழை

செயலி இருந்தவரை 7.1, விட்டபின் 8.8, ஆகவே செயலிதான் காரணம் என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். தேதிகளை வரிசையாக எழுதிப் பாருங்கள். ஹெச்பிஏ1சி அளப்பது ரத்தச் சிவப்பணுக்களில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை. சிவப்பணு ஒன்றின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். அதனால் ஹெச்பிஏ1சி என்பது முந்தைய இரண்டு மூன்று மாதத்தின் கதை. ஏப்ரல் கடைசியில் வந்த 7.1, பிப்ரவரியும் மார்ச்சும் சேர்ந்த கணக்கு. அப்போது இரவுச் சோறு பாதி, மாத்திரை முழுசாக இருந்தது. ஆகஸ்டின் 8.8-இல் இருப்பது மே, ஜூன், ஜூலை. அந்த மூன்று மாதமும் ராத்திரி மாத்திரை இல்லை. பள்ளி திறந்தபின் சாப்பாடும் பழையபடி ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். சராசரி அளவாக மாற்றிச் சொன்னால், ஏறக்குறைய 157-இல் இருந்த சர்க்கரை 206-க்குப் போயிருக்கிறது. இந்த ஏற்றத்தில் பெரும் பங்கு மாத்திரைக்கு. செயலிக்கும் கொஞ்சம் பங்கு இருக்கலாம், ஆனால் நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை.

அப்புறம் அந்த 62. அது உங்கள் தப்பும் இல்லை, மாத்திரை கெட்டது என்பதற்கு அடையாளமும் இல்லை. கிளிமிபிரைடு, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மருந்து. நீங்கள் சாப்பிட்டீர்களா, பட்டினியா என்று அது பெரிதாகப் பார்ப்பதில்லை. முன்பு ஒரு தட்டுச் சோற்றுக்குச் சரியாக இருந்த அளவு, நீங்கள் பாதியாகக் குறைத்து எடையும் இறங்கியபின் அதிகமாகிவிட்டது. அதாவது நன்றாகச் செய்ததால் உங்களுக்கு மருந்து குறைக்க வேண்டிய நேரம் வந்திருந்தது. அந்த வாரமே மருத்துவரிடம் போயிருந்தால், கிளிமிபிரைடின் அளவைக் குறைத்திருப்பார், அல்லது தாழ்சர்க்கரையை, அதாவது ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்குவதை, எளிதில் உண்டாக்காத கிளிப்டின் போன்ற வேறு வகைக்கு மாற்றியிருப்பார். அதே மாத்திரையில் இருந்த மெட்ஃபார்மினையாவது தனியாகத் தொடர்ந்திருப்பார். நீங்கள் நிறுத்தியபோது இரண்டும் சேர்ந்து போய்விட்டன.

இதை நான் சொல்வதால் இன்று ராத்திரியே பழைய மாத்திரையை எடுத்துப் போட்டுவிடாதீர்கள். காலை மாத்திரை தொடரட்டும். இந்த வாரத்துக்குள் உங்கள் மருத்துவரைப் பாருங்கள். 62 வந்ததையும், ஏப்ரலில் நிறுத்தியதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் 8.8-ஐ மட்டும் நீட்டினால், இரண்டு வேளை மாத்திரைக்கும் அடங்கவில்லை என்று நினைத்து அவர் மருந்தை ஏற்றிவிடுவார். நீங்களும் பயந்துபோய் இரண்டையும் ஒழுங்காகப் போடத் தொடங்குவீர்கள். அப்போது வருகிற தாழ்சர்க்கரை 62-இல் நிற்காது. இடையில் அளவு 300-ஐத் தாண்டினாலோ, வாந்தி, அடங்காத தாகம், காய்ச்சல் என்று வந்தாலோ வாரக் கணக்கெல்லாம் பார்க்காமல் உடனே போங்கள்.

மறுபடி அப்படி வியர்த்தால், 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். ஏறவில்லையென்றால் இன்னொரு முறை. பக்கத்தில் படுத்திருப்பவரை எழுப்பிவிடுங்கள். வீட்டுக்காரரின் தூக்கம் கெடுமே என்று அன்று எழுப்பாமல் விட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் உங்கள்மேல் எனக்குக் கோபம்.

ஒழுக்கம் பற்றிய கேள்விக்கு

இல்லை. இரண்டு மாதம் ஒரு நாள் விடாமல் எழுதினீர்களே, அதுவே பெரிய விஷயம். எவ்வளவு பெரியது என்று சொல்கிறேன்.

நோயாளிகள் இப்படி விட்டுப்போவது புதிதே இல்லை. இணையவழி மருத்துவத் திட்டங்களில் ஆட்கள் கழன்றுகொள்வது விதிவிலக்கில்லை, அதுதான் விதி என்கிற பொருளில் குந்தர் ஐசன்பாக் என்ற ஆய்வாளர் 2005-லேயே 'தேய்மான விதி' என்று பெயர் வைத்து எழுதினார். ஸ்மார்ட்போன் பரவுவதற்கு முன்பே. நாள்பட்ட நோய்களுக்கான செயலி ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த 2020-ஆம் ஆண்டு அலசல் ஒன்றில், 100 பேருக்கு 43 பேர் பாதியில் நின்றிருந்தார்கள். அதுவும் பெரும்பாலும் ஆய்வில் சேரச் சம்மதித்த ஆட்கள். வெளியே, யாரும் கேட்காத இடத்தில் நிலைமை இன்னும் மோசம். மனநலச் செயலிகளை ஆராய்ந்த 2019-ஆம் ஆண்டு ஆய்வில், இறக்கியவர்களில் 30-ஆம் நாளிலும் திறந்தவர்கள் நடுமதிப்பாக 3.3 சதவீதம்தான். நூறு பேரில் மூன்று பேர். உங்கள் வகுப்பில் அப்படி ஒரு தேர்ச்சி விகிதம் வந்தால், பிள்ளைகளுக்கு ஒழுக்கமில்லை என்பீர்களா, வினாத்தாளை எடுத்துப் பார்ப்பீர்களா?

மகன் சொன்ன வயசுக் கதைக்கும் ஒரு பதில் இருக்கிறது. அமெரிக்காவில் ஸ்மார்ட்போன் செயலி வழியாக நடந்த எட்டு ஆய்வுகளில் பங்கேற்ற ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவை 2020-இல் சேர்த்துப் பார்த்தார்கள். பாதிப் பேர் ஐந்தரை நாளுக்குள் கழன்றுவிட்டார்கள். வயதில் மூத்தவர்கள் இளையவர்களைவிடச் சற்று அதிக நாள் நீடித்தார்கள். மகனுக்கு இதை வாசித்துக் காட்டலாம், ஆனால் சிரித்துக்கொண்டே வாசியுங்கள். அதே ஆய்வில் எனக்கு உறைத்தது வேறொன்று. தன்னுடைய மருத்துவர் சொல்லிச் சேர்ந்தவர்கள், மற்றவர்களைவிட நடுமதிப்பில் 40 நாள் கூடுதலாக நீடித்தார்கள். பங்கேற்றதற்குக் காசு வாங்கியவர்களுக்குக் கூடியதே 22 நாள்தான்.

யார் படித்தார்கள்?

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறேன். 'தினமும் நான் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கிறேன், எனக்கு அந்த ஆப் வீட்டுப்பாடம் கொடுத்தது, ஆனால் நோட்டைத் திருத்தத்தான் ஆள் இல்லை.' நோயாளிகள் ஏன் செயலிகளை விடுகிறார்கள் என்று பக்கம் பக்கமாக ஆய்வுக் கட்டுரைகள் படித்திருக்கிறேன். இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லவில்லை.

உங்களுக்கு நடந்ததைப் பாருங்கள். 118 போட்டால் நட்சத்திரம். 190 போட்டால் சிவப்பு எழுத்தில் 'உங்கள் மருத்துவரை அணுகவும்'. அந்த மருத்துவரிடம் போய் போனை நீட்டினால், அவர் 'சரி சரி, லேப் ரிப்போர்ட் எங்கே?' என்று கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஐந்தாறு வருடம் முன்பு நானும் உற்சாகமாகப் பல நோயாளிகளுக்கு ஒரு செயலியைப் பரிந்துரைத்தேன். அடுத்த முறை ஒரு பெரியவர் மூன்று மாதப் பதிவோடு வந்தார். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். போனை வாங்கி இரண்டு முறை மேலும் கீழும் தள்ளிவிட்டு 'நல்லா இருக்குங்கய்யா' என்று கொடுத்துவிட்டேன். அதற்கப்புறம் அவர் எழுதவில்லை. அவர் ஏன் விட்டார் என்று அன்று யாராவது என்னைக் கேட்டிருந்தால் 'வயசாயிடுச்சு, வரலை' என்றுதான் நானும் சொல்லியிருப்பேன்.

படிக்க ஒருவர் இருந்தார், உங்கள் மகன். அங்கேதான் இன்னொரு சிக்கல். அவர் படித்தது அக்கறையோடு, ஆனால் மதிப்பெண் அட்டையைப் படிக்கிற மாதிரி. '160 ஏன்மா? என்ன சாப்பிட்டீங்க?' என்று தினமும் ஒன்பதரை மணிக்கு வாட்ஸ்அப் வந்தால், எந்த அம்மாவும் நாலைந்து நாளில் 138 என்று எழுதப் பழகிவிடுவார். நீங்கள் பொய் சொல்லிவிட்டதாக வெட்கப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். என் அறைக்கு வரும் குறிப்பேடுகளில் எல்லா அளவும் பூஜ்யத்திலும் ஐந்திலும் முடிந்திருந்தால், எல்லாமே ஒரே பேனாவில், ஒரே கையோட்டத்தில் இருந்தால், வரிசையில் உட்கார்ந்து எழுதியது என்று எனக்குத் தெரிந்துவிடும். காகிதக் காலத்திலிருந்தே இது உண்டு. திட்டு விழும் என்று தெரிந்த இடத்தில் உண்மை எண் எழுதப்படுவதில்லை. அதிலும் உங்கள் விஷயத்தில் மறைக்கப்பட்ட முதல் எண்ணே, யாராவது பார்த்திருக்க வேண்டிய அந்த 62.

சாப்பாட்டைப் பதிவது வேறொரு தொல்லை. ஒரு கரண்டி வத்தக்குழம்பு எத்தனை கிராம் என்று கேட்டதாம். பட்டியலில் 'ரைஸ் பவுல்' இருந்ததாம், பழைய சோறு இல்லையாம். உப்புப் பார்க்க எடுத்த உள்ளங்கைச் சாம்பாரையும், பேரன் மிச்சம் வைத்த அரை தோசையையும் எங்கே எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். சமைப்பவர் சாப்பிடுவது தட்டில் விழுவதோடு நிற்பதில்லை என்பது அந்தக் கட்டங்களை வரைந்தவர்களுக்குத் தெரியாது போலிருக்கிறது. 10,000 அடி இலக்கை ஒருநாளும் எட்டாமல் 6,000-லேயே மூட்டு வலித்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பத்தாயிரம் மருத்துவர்கள் கணக்கிட்டுச் சொன்ன எண்ணாகத் தொடங்கவில்லை. 1965 வாக்கில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றின் பெயரே 'பத்தாயிரம் அடி மானி'. விளம்பரத்துக்கு எடுப்பாக இருந்தது, உலகம் முழுக்க ஒட்டிக்கொண்டது. மூட்டு வலியோடு 6,000 நடந்தீர்கள் என்றால் அது தோல்விக் கணக்கில் வராது.

மீட்டர் 142 காட்டியபோது அதே காலையில் லேப் 128 என்றதால் 'எல்லாமே பொய்' என்று நம்பிக்கை போய்விட்டதையும் சொல்லியிருந்தீர்கள். வீட்டு மீட்டர்களுக்கான சர்வதேசத் தரமே 100-க்கு மேலான அளவுகளில் 15 சதவீதம் வரை முன்னே பின்னே இருக்கலாம் என்கிறது. 128-க்குப் பதினைந்து சதவீதம் எவ்வளவு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மீட்டர் சரியாகத்தான் இருந்திருக்கிறது. இதை ஆரம்பத்திலேயே யாராவது உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தினமும் பார்த்தே ஆக வேண்டுமா?

மகன் நினைக்கிற அளவுக்கு வேண்டாம். இன்சுலின் போடாத, இரண்டாம் வகைச் சர்க்கரை உள்ள 450 பேரை வைத்து அமெரிக்காவின் வட கரோலினாவில் ஓர் ஆய்வு நடந்தது, முடிவு 2017-இல் வந்தது. ஒரு குழு வீட்டில் பரிசோதிக்கவே இல்லை. ஒரு குழு தினம் ஒரு முறை பரிசோதித்தது. மூன்றாவது குழுவுக்குப் பரிசோதனையோடு, அளவுக்கேற்ற ஊக்க வாசகமும் மீட்டரிலேயே வந்தது, கிட்டத்தட்ட உங்கள் செயலி மாதிரி. ஒரு வருடம் கழித்து மூன்று குழுக்களின் ஹெச்பிஏ1சியிலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

ஆக, மீட்டரைத் தூக்கிப் போட்டுவிடலாமா? கூடாது. நீங்கள் எடுப்பது தாழ்சர்க்கரையை உண்டாக்கக்கூடிய மருந்து, உங்களுக்கு ஒருமுறை வந்தும்விட்டது. அதனால் உங்களுக்கு மீட்டர் வேண்டும், ஆனால் காரணத்தோடு. மருத்துவர் மருந்தை மாற்றும் முதல் இரண்டு வாரம் படுக்கப் போகுமுன் ஒரு அளவும் காலையில் ஒரு அளவும். அப்புறம் வாரத்துக்கு இரண்டு நாள் போதும்: ஒருநாள் வெறும் வயிற்றில், இன்னொரு நாள் ஏதாவது ஒரு வேளை சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, வாரா வாரம் வேளையை மாற்றி. வியர்வை, நடுக்கம், திடீர்ப் பசி என்றால் எந்த நேரமானாலும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹெச்பிஏ1சி, இலக்கில் நின்றபின் ஆறு மாதத்துக்கு ஒன்று. இதில் எதையும் மாற்றவோ கூட்டவோ உங்கள் மருத்துவருக்கு உரிமை உண்டு, அவர் உங்களை நேரில் பார்க்கிறார்.

இதை எழுத ஒரு சின்ன நோட்டு போதும். செயலியே பிடிக்கும் என்றால் அதிலும் எழுதலாம், நான் செயலிகளுக்கு எதிரி இல்லை. கண் பார்வை குறைந்தவர், மாத்திரை நேரம் மறப்பவர், இன்சுலின் அளவை அடிக்கடி மாற்ற வேண்டியவர் என்று பலருக்கு அது உண்மையான துணை. புதிதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மூன்று விஷயம் மட்டும் பாருங்கள். நீங்கள் பதிவதை உங்கள் மருத்துவமனையில் யாராவது பார்ப்பார்களா, எந்த நாளில் பார்ப்பார்கள்? சாப்பாடு, அடிகள், தூக்கம் என்று எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அளவையும் மாத்திரையையும் மட்டும் வைத்துக்கொள்ள முடிகிறதா? 62 என்று போட்டால் அது என்ன சொல்கிறது? மூன்றாவதைச் சேர்வதற்கு முன்பே போலியாகப் போட்டுச் சோதித்துப் பாருங்கள். உடனே சர்க்கரை சாப்பிடச் சொல்லாமல் 'தகவலுக்கு நன்றி' என்று சொல்கிற செயலிக்கு ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

ஆள் இருப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் ஊரிலேயே ஓர் உதாரணம் உண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், அந்தந்த ஊர்ப் பெண்களே வீட்டுக்கு வந்து சர்க்கரை, பிரஷர் மாத்திரை கொடுக்கிறார்கள், அளவும் பார்க்கிறார்கள். அதிலும் குறைகள் இருக்கின்றன, மாத்திரை வர ஒரு வாரம் தள்ளிப்போனது என்று என்னிடம் வருபவர்கள் சொல்வதுண்டு. ஆனால் வாசலில் வந்து 'போன மாச அட்டையில ஏன்கா இவ்ளோ மிச்சம் இருக்கு?' என்று ஒருவர் கேட்கிறார். உங்கள் செயலியில் அந்தக் கேள்வியைக் கேட்க யாரும் இல்லை. டிக் விழுந்தது, அது நம்பிவிட்டது.

பணமும் விவரங்களும்

போனிலிருந்து செயலியை அழித்தால் சந்தா நின்றுவிடாது. இது பலரும் செய்கிற தவறு. மகன் யுபிஐ ஆட்டோபே மூலம் கட்டியிருந்தால், அவருடைய யுபிஐ செயலியில் ஆட்டோபே பகுதிக்குப் போய் அந்த அனுமதியை ரத்து செய்ய வேண்டும். ப்ளே ஸ்டோர் வழியாகக் கட்டியிருந்தால் அங்கே சந்தாக்கள் பகுதியில். இப்படித் தானாகப் பிடிக்கும் பணத்துக்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி, ஆனால் அந்தக் குறுஞ்செய்தி பணம் கட்டிய மகனுக்குத்தான் வரும், உங்களுக்கு வராது. ஜனவரிவரை காத்திருக்காமல் இப்போதே ரத்து செய்யச் சொல்லிவிடுங்கள்.

விவரங்களும் அப்படித்தான். செயலி போனால் போனில் இருந்த படம் போயிற்று, கம்பெனியின் சர்வரில் உங்கள் கணக்கும் பதிவுகளும் அப்படியே இருக்கும். மீண்டும் ஒருமுறை உள்ளே போய், பதிவுகளை பிடிஎஃப்பாக இறக்கி வைத்துக்கொண்டு, அப்புறம் 'கணக்கை நீக்கு' என்பதைத் தேடிப் பிடியுங்கள். கிடைக்கவில்லையென்றால் அவர்களுடைய குறைதீர்ப்பு மின்னஞ்சலுக்கு இரண்டு வரி எழுதுங்கள்: என் சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன், என் விவரங்களை அழித்துவிட்டு உறுதி செய்யுங்கள். நான் வக்கீல் இல்லை. ஆனால் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இந்த இரண்டு உரிமைகளும் இருக்கின்றன. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின, பிரிவுகள் படிப்படியாக அமலாகும் ஏற்பாடு. கம்பெனி அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, நீங்களும் கேட்கக் காத்திருக்க வேண்டாம்.

என்ன பெரிய விவரம், என் சர்க்கரை அளவுதானே என்று தோன்றலாம். 2018-இல் மைஃபிட்னஸ்பால் என்ற உணவுக் கணக்குச் செயலியிலிருந்து 15 கோடி பேரின் கணக்கு விவரங்கள் திருடு போயின. மருந்து விலைச் சலுகை தரும் குட்ஆர்எக்ஸ் நிறுவனம், பயனர்களின் மருந்து விவரங்களை விளம்பரத்துக்காகப் பிறருக்குக் கொடுத்தது என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2023-இல் நடவடிக்கை எடுத்தது. அதே ஆண்டில் பேர் தெரப்யூட்டிக்ஸ் என்ற கம்பெனி திவாலானது. மருத்துவர் சீட்டு எழுதிக்கொடுத்துப் பயன்படுத்தும் செயலிகளுக்கு அமெரிக்க அரசின் அனுமதியெல்லாம் வாங்கி வைத்திருந்த கம்பெனி அது. நோயாளிதான் செயலியை விட்டுப் போகிறார் என்று எல்லோரும் பேசுகிறோம், செயலியும் நோயாளியை விட்டுப் போகும். உங்கள் பதிவின் ஒரு நகல் உங்கள் கையில் இருக்க வேண்டும் என்று சொல்வது அதனால்தான்.

மகனிடம் எப்படிச் சொல்வது

இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமானது என்று எனக்குத் தெரியும். 62-ஐ மறைத்ததைச் சொல்லுங்கள். மறைத்ததற்கான காரணத்தையும் சொல்லுங்கள். அவர் முதலில் கோபப்படுவார், இரண்டு நாள் பேசாமல்கூட இருக்கலாம். தொலைவில் இருக்கும் பிள்ளைக்கு அந்தத் திரையைத் தவிர அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேறு வழி தெரியவில்லை. அவருக்கு வேறு வேலை கொடுங்கள். தினசரி எண்களை அவர் பார்க்க வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை லேப் ரிப்போர்ட்டை அனுப்பிவிடுகிறேன், 70-க்குக் கீழே போனால் ராத்திரி இரண்டு மணியானாலும் கூப்பிடுகிறேன், அப்போது நீ 'ஏன்' என்று கேட்கக் கூடாது என்று ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். ஆட்டோபேயை ரத்து செய்வது, விவரங்களை அழிக்கக் கேட்டு மின்னஞ்சல் எழுதுவது, மீட்டருக்கான ஸ்ட்ரிப் தீருமுன் வாங்கி அனுப்புவது எல்லாம் அவர் பொறுப்பில் இருக்கட்டும். முடிந்தால் ஒருமுறை உங்களோடு மருத்துவரிடம் வரச் சொல்லுங்கள். வர முடியாவிட்டால் ஸ்பீக்கரில் போடுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது நோட்டு, ரிப்போர்ட் எல்லாம் இருக்கட்டும். அதோடு வீட்டில் மிச்சம் இருக்கிற மாத்திரை அட்டைகளை அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். மேஜையில் கொட்டி, ஏப்ரலிலிருந்து எத்தனை தேங்கியிருக்கிறது என்று அவரையே எண்ணச் சொல்லுங்கள்.